இன்டர்வியூவுக்கு இன்னும் மூன்று வாரம்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் போன் செய்தான். "அக்கா, கால் லெட்டர் வந்துருச்சுக்கா" என்று சொன்னவன் அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பின்னால் அவன் வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது. பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம், அரசுக் கல்லூரி. ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி, ரேங்க் வந்து, ஒருங்கிணைந்த பிஎச்.டி. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூச்சு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எந்த புக்கைப் படிக்கணும்?"

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எல்லோரிடமும் கேட்டேன். எல்லோரும் ஆளுக்கொரு புத்தகப் பட்டியல் கொடுத்தார்கள். நான் அத்தனையும் தேடிப் பிடித்துப் படித்து, நோட்டு நோட்டாக எழுதி, போய் உட்கார்ந்து, தோற்று வந்தேன். அதனால் அவனிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். அவனைப் போல இன்னும் பத்துப் பேர் இந்த மாதம் கையில் லெட்டரை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருப்பார்கள்.

முதலில், இந்தப் பாதையே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எங்கள் பக்கம் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தால் பி.எட்., இல்லாவிட்டால் குரூப் தேர்வு, கொஞ்சம் வசதி இருந்தால் எம்.எஸ்சி. இதைத் தாண்டி யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் பி.எஸ்சி. முடித்த கையோடு நேராக ஆராய்ச்சிப் படிப்பில் சேர முடியும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., மும்பை டி.ஐ.எஃப்.ஆர். போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்தே வருகிறது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. நம் சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், மாட்சயின்ஸ் என்று சொல்வார்களே, 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது, அதுவும் இந்த வரிசையில்தான் வரும். பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் தென்மாவட்டக் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு அதன் பேர் தெரியும் என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உள்ளே போக ஜாம், ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வுகள் உண்டு. எழுத்துத் தேர்வு ஒரு வடிகட்டிதான். ஜாமில் மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், எல்லாம் கம்ப்யூட்டரில். அதில் நல்ல ரேங்க் வந்தால் இன்டர்வியூ அறைக் கதவு வரைக்கும் போகலாம். கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது முற்றிலும் வேறு.

எவ்வளவு வேறு என்பது உள்ளே போகும் வரை எனக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த ஒரே வாய்மொழித் தேர்வு பிராக்டிகல் வைவாதான். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் "யங் குணகம் என்றால் என்ன?" என்பார், நாம் கண்ணை மூடிக்கொண்டு வரையறையை ஒப்பிப்போம், ஒரு வார்த்தை தவறினால் மார்க் போகும், தவறாவிட்டால் அடுத்த ஆள். மூன்று வருஷம் அதிலேயே பழகிவிட்டு அந்த அறைக்குள் நுழைகிறோம். அங்கே நான்கைந்து பேராசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு போர்டு, ஒரு சாக்பீஸ். "உனக்குப் பிடித்த பாடம் எது?" என்று கேட்கிறார்கள். நாம் சொல்லும் பாடத்திலேயே ஆரம்பித்து, நமக்குத் தெரிந்த இடத்தைத் தாண்டித் தெரியாத இடம் வரும் வரை கூட்டிக்கொண்டு போகிறார்கள். தெரியாத இடத்துக்கு வந்து சேர்வது தோல்வி இல்லை, இன்டர்வியூ அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

என் முதல் இன்டர்வியூவைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பிடித்த பாடம் குவாண்டம் மெக்கானிக்ஸ் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு அப்போது பிடித்தது அதிர்வுகளும் அலைகளும்தான், ஆனால் அதைச் சொன்னால் சின்னப் பிள்ளைத்தனமாக நினைப்பார்களோ என்று பயம். சரி, பெட்டிக்குள் அடைபட்ட துகளைப் பற்றிச் சொல் என்றார்கள். சமன்பாடு, எல்லை நிபந்தனை, ஆற்றல் மட்டங்கள், எல்லாவற்றையும் மடமடவென்று எழுதினேன். ஒருவர் கேட்டார்: "துகள் அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் மட்டத்தில், இருக்கிறது. ஒரு பக்கச் சுவரைச் சட்டென்று நகர்த்தி பெட்டியை இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டேன். அந்த நொடியில் துகளுக்கு என்ன ஆகும்?"

நான் நின்றேன். கேள்வியே புதுசு, நோட்டில் இல்லை. புதுப் பெட்டியின் அடிநிலைக்குத் துகள் போய்விடுமா, பழையதிலேயே இருக்குமா, இரண்டுமே தப்பாகப் பட்டது. மனதுக்குள் ஏதேதோ ஓடிக்கொண்டே இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், பாதி விடை தலைக்குள் வந்துவிட்டது. ஆனால் முழுசாக உறுதியாகாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். போர்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தேன். "நீ என்ன யோசிக்கிறாய் என்று சொல்லேன்" என்று ஒரு மேடம் இரண்டு முறை கேட்டார். "தெரியல மேம்" என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

விடை என்ன என்றால், சுவர் அவ்வளவு வேகமாக நகரும்போது அலைச்சார்புக்கு, அதாவது துகள் எங்கே அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சார்புக்கு, மாற நேரமே இல்லை, அந்த நொடியில் அது அப்படியே இருக்கும். மாறியது பெட்டி மட்டும்தான். ஆக, பழைய அலைச்சார்பைப் புதுப் பெட்டியின் நிலைகளின் கூட்டாகப் பிரித்து எழுத வேண்டும். புதுப் பெட்டியின் அடிநிலையில் அகப்பட 36 சதவீதம் வாய்ப்பு. அதைவிட அழகு, இரண்டாம் நிலையில் அகப்படச் சரியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஏனென்றால் அதன் ஆற்றல் பழைய அடிநிலையின் ஆற்றலேதான். இதை நான் ரயிலில் திரும்பி வரும்போது மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, ரிசர்வேஷன் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டுக் கண்டுபிடித்தேன். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த அழுகைக்குக் காரணம் தோற்றது இல்லை, தெரிந்தும் சொல்லாமல் வந்ததுதான்.

அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம் தலைக்குள் ஓடுவது தெரியாது. வெளியே வந்தது மட்டும்தான் தெரியும். "அலைச்சார்பு சட்டென்று மாற முடியாது என்று தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை" என்று அந்த அரைகுறை வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும், மீதியை அவர்களே கைபிடித்துக் கூட்டிப்போயிருப்பார்கள். இப்போது நானும் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் சீனியர்களோடும் பேராசிரியர்களோடும் தினமும் போர்டு முன்னால் நிற்கிறேன், வேலை நடப்பதே அப்படித்தான். ஒருவர் அரைகுறையாக ஒன்றைச் சொல்வார், இன்னொருவர் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார், மூன்றாமவர் ஓட்டையை அடைப்பார். அந்தப் பேச்சில் இந்தப் பிள்ளை சேர்ந்துகொள்ளுமா என்று பார்ப்பதற்குத்தான் இன்டர்வியூ.

அதனால் அடுத்த வருஷம் நான் புத்தகத்தைக் குறைத்தேன், பேச்சைக் கூட்டினேன். எங்கள் வீடு சங்கரன்கோவிலில். பின்கட்டில் இரண்டு விசைத்தறி ஓடும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். தறிக்கொட்டகைக் கதவின் உள்பக்கத்தில் அப்பா எனக்குக் கருப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார், அதுதான் என் போர்டு. சாயந்திரம் அம்மா உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார், நான் கதவில் எழுதிக்கொண்டே அவருக்குப் பாடம் சொல்வேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். கேட்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், அந்த நினைப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. புரியாவிட்டால் முகத்தைப் பார்த்தாலே தெரியும், புரிந்தமாதிரி அவருக்கு நடிக்கத் தெரியாது.

ஒரு நாள் தனிச்சீரிசை இயக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊஞ்சல், ஸ்பிரிங், ஊசல், போய்ப் போய்த் திரும்பி வருவது. அம்மா தார்க்குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அப்ப நம்ம நாடா போயிட்டுப் போயிட்டு வருதே, அதும் இதுதானா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். தறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு போகும் மரத்துண்டு, ஒரு பக்கப் பெட்டியில் சும்மா கிடக்கிறது, பக்கவாட்டுக் கட்டை ஓங்கி ஒரு அடி அடிக்கிறது, நாடா பறந்து போய் அந்தப் பக்கப் பெட்டியில் முட்டி நிற்கிறது, கொஞ்சம் கிடக்கிறது, மறுபடி அடி. நடுவில் பறக்கும்போது அதை யாரும் இழுப்பதும் இல்லை தள்ளுவதும் இல்லை, ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகிறது. ஊஞ்சலில் அப்படி இல்லையே, எவ்வளவு தூரம் விலகுகிறதோ அவ்வளவு பலமாக நடுவை நோக்கி இழுக்கும். ஆக நாடா திரும்பத் திரும்ப வரும் இயக்கம்தான், ஆனால் தனிச்சீரிசை இல்லை. இதை அம்மாவிடம் விளக்கி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் அந்த வரையறையை எத்தனையோ முறை பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன், பிறந்ததிலிருந்து அந்தத் தறியையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

ராத்திரி 9 மணிக்கு என் கல்லூரித் தோழி, கோவில்பட்டிக்காரி, போன் செய்வாள். அவளும் அதே இன்டர்வியூக்களுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு கேள்வி, முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. கேட்பவள் ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்வாள்: பத்து விநாடிக்கு மேல் சத்தம் வராவிட்டால் "பேசுடி" என்று அதட்ட வேண்டும். முதல் பத்து நாள் கொடுமையாக இருந்தது. இரண்டாவது மாதத்தில் யோசிப்பதும் பேசுவதும் ஒன்றாகிவிட்டது. தம்பிக்கு நான் சொன்ன முதல் வேலையே இதுதான், ஒரு ஆளைப் பிடி. அவன் உன்னைவிடப் பெரிய அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை, ஏன் ஏன் என்று கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

அடுத்து, எதைப் படிப்பது. மூன்று வாரத்தில் எல்லாப் பாடத்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பாடத்தை எடுங்கள், உண்மையிலேயே பிடித்த இரண்டு பாடம், அதைத் தரைமட்டத்திலிருந்து கட்டுங்கள். பெரிய தலைப்புகளில் யாரும் விழுவதில்லை, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில்தான் விழுகிறார்கள். மெக்கானிக்ஸ் பிடிக்கும் என்று சொன்னால் கேட்பது பெரும்பாலும் உருளும் பந்தும் சாய்தளமும்தான், ஆனால் மூன்றாவது "ஏன்"-இல் அது ஆழமாகிவிடும்.

ஒரு கேள்வி எப்படி வளரும் என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் இது. பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மையம் வழியாக ஒரு துளை போட்டு, ஒரு கல்லைப் போட்டால் என்ன ஆகும்? பூமியின் அடர்த்தி எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகப் போக மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறைந்துகொண்டே வரும், அதாவது ஸ்பிரிங் மாதிரி. கல் தனிச்சீரிசையில் ஆடும். அதிர்வுக்காலம் 84 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 42 நிமிஷம். இதுவரை நிறையப் பேர் சொல்லிவிடுவார்கள். அப்புறம்தான் ஆரம்பிக்கும். துளை மையம் வழியாகப் போகாமல், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் ஒரு சுரங்கம் போட்டால்? நேர்தூரம் சுமார் 630 கிலோமீட்டர், பூமி உருண்டை என்பதால் சுரங்கத்தின் நடுப்பகுதி தரைக்குக் கீழே 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் இருக்கும். உராய்வே இல்லாத ஒரு வண்டியை எஞ்சின் இல்லாமல் சென்னையில் விட்டால், அதுவாகவே சரிந்து ஓடிக் கன்னியாகுமரியில் போய் நிற்கும். எவ்வளவு நேரத்தில்? அதே 42 நிமிஷம்! சுரங்கத்தின் போக்கில் ஈர்ப்பின் பங்கை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால், மையத்திலிருந்து உள்ள தூரம் அடிபட்டுப் போய், சுரங்கத்தின் நடுவிலிருந்து உள்ள தூரம் மட்டும் மிஞ்சும். அதே ஸ்பிரிங், அதே காலம். அதிகபட்ச வேகம் விநாடிக்கு 390 மீட்டர் வரும், ஒலியின் வேகத்தைவிடக் கூட.

இதோடு விடமாட்டார்கள். தரையை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் இதே 84 நிமிஷம்தானே, தற்செயலா? நிஜப் பூமியின் மையத்தில் அடர்த்தி அதிகம், அப்படியானால் மையம் வழியாகப் போகும் கல்லுக்கு 42 நிமிஷம் கூடுமா, குறையுமா? எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லமாட்டார்கள், எந்தப் பக்கம் மாறும், ஏன் என்றுதான் கேட்பார்கள். குறையும், சுமார் 38 நிமிஷம் வரும், ஏனென்றால் கனமான மையப்பகுதிக்கு மேலே இருக்கும்வரை ஈர்ப்பு அவ்வளவாகக் குறைவதே இல்லை, கல் சீக்கிரமே வேகம் பிடித்துவிடும். ஒரே ஒரு கணக்கை இப்படி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு சாயந்திரம் போய்விடும், போகட்டும். ஐம்பது கணக்கை மேலோட்டமாகப் போட்டதைவிட அந்த ஒரு சாயந்திரம் பெரிசு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதேபோல வரைபடம். கால்குலேட்டர் இல்லாமல், புள்ளி வைக்காமல், ஒரு சார்பை வரையப் பழகுங்கள். இதை எங்கே போனாலும் கேட்கிறார்கள். எக்ஸ் பெருக்கல் ஈ-யின் அடுக்கு மைனஸ் எக்ஸ், இதை எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிக்கொண்டே வரைய வேண்டும்: பூஜ்யத்தில் பூஜ்யம், அங்கே சிறிய எக்ஸுக்கு நேர்கோடு மாதிரி ஏறும், தூரத்தில் அடுக்குக்குறி ஜெயித்து எல்லாவற்றையும் அமுக்கிவிடும், ஆக நடுவில் எங்கோ ஒரு உச்சி இருந்தே ஆக வேண்டும், வகையீடு போட்டால் உச்சி எக்ஸ் ஒன்றில், உயரம் 0.37. மைனஸ் பக்கம் மறந்துவிடாதீர்கள், அங்கே கீழே பாதாளத்துக்குப் போய்விடும். அளவு மதிப்பீடும் இப்படித்தான். நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் இருக்கும் காற்று எத்தனை கிலோ? ஐந்துக்கு நாலுக்கு மூன்று மீட்டர் என்றால் 60 கன மீட்டர், ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ, ஆக 72 கிலோ, ஒரு ஆள் எடை! முதல் முறை போட்டபோது நான் நம்பவில்லை, இரண்டாவது முறை போட்டேன்.

மொழி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தம்பி இரண்டாவதாகக் கேட்டது அதைத்தான். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அவனும் அப்படியே. இங்கிலீஷ் சரளமாக வராவிட்டால் வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நான் பார்த்தவரை அறிவியல் இன்டர்வியூவில் அவர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். ஒரு வார்த்தை வராவிட்டால் படம் வரைந்து காட்டுங்கள், அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள், படத்துக்கு மொழி கிடையாது. "நான் தமிழில் படித்தவள், கொஞ்சம் மெதுவாகப் பேசுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள். நான் தமிழில் யோசித்து, முடிவை மட்டும் இங்கிலீஷில் சொன்னேன், இன்றைக்கும் பாதி நேரம் அப்படித்தான். ஒன்று மட்டும் செய்துகொள்ளுங்கள்: "கேள்வி சரியாகப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா", "இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன், சரிதானா", "ஒரு நிமிஷம் யோசிக்கலாமா", இந்த மூன்று வாக்கியத்தையும் இங்கிலீஷில் வாய்க்குப் பழக்கமாகும்வரை சொல்லிப் பாருங்கள். தடுமாற்றம் வருகிற இடமெல்லாம் இந்த மூன்றில் ஒன்று கைகொடுக்கும்.

என் இரண்டாவது இன்டர்வியூ பெங்களூருவில். இந்தத் தடவை பிடித்த பாடம் அதிர்வுகளும் அலைகளும் என்று உள்ளதைச் சொன்னேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஊசலில் ஆரம்பித்தார்கள், சின்ன வீச்சு, பெரிய வீச்சு, காலம் கூடுமா குறையுமா, அதெல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு சார், "திரும்பத் திரும்ப நடக்கும், ஆனால் தனிச்சீரிசை இல்லாத இயக்கம் ஒன்று சொல்" என்றார். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் தறி இருக்கிறது சார், அதில் நாடா என்று ஒன்று உண்டு என்று ஆரம்பித்தேன். நாடாவுக்கு இங்கிலீஷ் வார்த்தை அந்த நேரம் வாயில் வரவில்லை, போர்டில் தறியை வரைந்தேன். இரண்டு பேர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நேரத்தோடு அதன் இடத்தை வரையச் சொன்னார்கள். தட்டை, சரிவு, தட்டை, எதிர்ச் சரிவு. இதில் ஃபூரியர் தொடர் போட்டால், அதாவது பல அதிர்வெண் அலைகளின் கூட்டாகப் பிரித்து எழுதினால், மேல் அதிர்வெண்கள் எவ்வளவு சீக்கிரம் தேய்ந்து போகும் என்றார்கள். நான் தொகையீடு போட ஆரம்பித்தேன். "போடாமல் சொல்ல முடியுமா?" என்றார் அந்த சார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னேன், ஆனால் வாயை மூடவில்லை. வேகத்தை வரைந்து பார்க்கலாமா என்று கேட்டு வரைந்தேன், அது சட்டுச் சட்டென்று தாவும் சதுர அலை மாதிரி வந்தது. முடுக்கத்தை வரைந்தேன், வெறும் அடிகள் மட்டும், கட்டை அடிக்கும் இடத்திலும் பெட்டியில் முட்டும் இடத்திலும் ஊசி ஊசியாக. ஊசிக்கு எல்லா அதிர்வெண்ணும் ஏறக்குறைய சம அளவில் வேண்டும், அது தேயாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன், சொல்லும்போதே பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு முறை வகையிடும்போதும் அதிர்வெண் எண்ணால் ஒரு பெருக்கல் வருகிறது, ஆக முடுக்கம் தேயாவிட்டால் வேகம் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் தேயும், இடம் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் தேயும். அந்த சார் "சரி, தறி ஏன் அவ்வளவு சத்தம் போடுகிறது?" என்று மட்டும் கேட்டார். போர்டில் இருந்த ஊசிகளைக் காட்டினேன். எங்கள் பின்கட்டுச் சத்தம் என்ன என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊருக்கு வந்து முதலில் அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். செலக்ட் ஆனது அப்புறம் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மற்றபடி சில்லறை விஷயங்கள். முந்தின நாளே ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள், ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து காலையில் போர்டு முன்னால் நிற்பது உடம்புக்கும் ஆகாது மூளைக்கும் ஆகாது. ஒரிஜினல் சான்றிதழ்களை லெட்டரில் சொன்ன வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள், ஜாதிச் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் கேட்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள், தாலுகா ஆபீஸ் வேலை மூன்று வாரத்தில் முடியுமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். சுத்தமான சாதாரண உடுப்பு போதும், கோட்டு சூட்டுக்குக் கடன் வாங்க வேண்டாம். வெளியே வரும் பிள்ளைகளைப் பிடித்து "என்ன கேட்டாங்க" என்று விசாரிக்காதீர்கள், அடுத்த ஆளுக்கு அதே கேள்வி வருவது அபூர்வம், படபடப்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும். ப்ராஜெக்ட் செய்திருந்தால் அதில் நீங்கள் கையால் செய்த பகுதி எது என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும், வழிகாட்டி செய்ததை நம்முடையதாகச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். துப்புக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் "நிச்சயமாகவா?" என்று கேட்டால் உடனே விடையை மாற்றிவிடாதீர்கள், சரியாக இருந்தாலும் அப்படிக் கேட்பார்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று காரணத்தைத் திரும்ப ஒரு முறை பாருங்கள்.

என் கோவில்பட்டித் தோழிக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை. என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவாள், எனக்குப் "பேசுடி" சொல்லிச் சொல்லிப் பழக்கியவளே அவள்தான். அவளுக்கு வந்த அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, அவ்வளவுதான். ஒரு எம்.எஸ்சி. சேர்ந்து, இரண்டு வருஷம் கழித்து மறுபடி எழுதினாள், இப்போது வேறொரு நிறுவனத்தில் லேசர் ஆய்வகத்தில் இருக்கிறாள். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று தம்பி கேட்டபோது அவள் நம்பரைக் கொடுத்தேன், நான் சொல்வதைவிட அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

இன்றைக்கு ராத்திரி 9 மணிக்கு அவன் போன் செய்வான், இது ஐந்தாவது நாள். நேற்று இரண்டு தடவைதான் "பேசுடா" சொல்ல வேண்டி வந்தது. இன்றைக்கு அவனுக்கு வைத்திருக்கும் கேள்வி: ஒரு சின்னக் குளத்தில் பரிசல் மிதக்கிறது, பரிசலுக்குள் ஒரு பெரிய கருங்கல். கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டுவிட்டால், கரையில் தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? பக்கத்தில் ஆள் இருந்தால் நீங்களும் அவரிடம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், விடையைக் கமெண்டில் போடுவதானால் ஏன் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.